சிட்டிசன்ஷிப் வாங்கியாச்சு, ஓட்டு போடறதோட நிறுத்தாம ஊருக்கு வேற என்ன பண்ணலாம்? (டெக்சாஸ்)

வேப்பம்பூ | ஃப்ரிஸ்கோ

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் எனக்கும் வீட்டுக்காரருக்கும் சிட்டிசன் உறுதிமொழி எடுக்கற ஓத் செரிமனி முடிஞ்சு சர்டிபிகேட் கைக்கு வந்துடுச்சு. இத்தன வருஷமா இங்க வரி கட்டறோம், புள்ளைங்க இங்கயே படிக்குதுங்க, ஆனா ஊர் விஷயம் எதுலயும் நமக்கு என்னன்னு ஒதுங்கியே இருந்துட்டோம், இப்ப ஓட்டு வந்துடுச்சு, நவம்பர்ல ஒரு நாள் போய் போட்டுட்டு வந்தா கடமை முடிஞ்சுதான்னு மனசு கேக்குது. ஏதாவது உருப்படியா செய்யணும். அதுக்காக ஒரு கட்சிக்கு வீடு வீடா போய் பிட் நோட்டீஸ் குடுக்கற எண்ணம் இல்ல, எங்க வீட்டுலயே ஆளுக்கு ஒரு கருத்து.

லைப்ரரில லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ்னு ஒரு டேபிள் போட்டிருந்தாங்க. கட்சி சார்பு கிடையாது, வாலண்டியர் தேவைன்னு சொன்னாங்க. இங்க யாராவது இதுல இருக்கீங்களா? பேர்ல விமன்னு இருக்கே, ஆம்பளைங்க வரலாமா, ஏன்னா அவரும் வர்றேங்கறார். நான் வேலைக்கு போறவ, சாயங்காலமும் சனிக்கிழமையும் தான் நேரம். அப்பறம் எல்லார் முன்னாடியும் இங்கிலீஷ்ல பேசணும்னா கொஞ்சம் தயக்கம் இருக்கு, அதையும் சொல்லிடறேன்.

இன்னொண்ணு, அஞ்சாறு வருஷம் முன்னாடி என் ஃப்ரெண்டு ஓத் எடுத்தப்ப வாசல்லயே ரெண்டு பெரிய வயசு அம்மாக்கள் உக்காந்து ஓட்டுக்கு ரிஜிஸ்டர் பண்ணி குடுத்தாங்கன்னு சொன்னா. எங்களுக்கு அப்படி யாரையும் காணோம், அது ஏன்?

---

டல்லாஸ்வாசி | பிளேனோ

வாழ்த்துக்கள்ங்க ரெண்டு பேருக்கும். நான் சில வருஷமா லீக்ல வாலண்டியரா இருக்கேன், தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா வரும்.

முதல்ல உங்க கடைசி கேள்வி, ஏன்னா அது தான் முக்கியம். ஓத் முடிஞ்சு வெளிய வர்ற புது சிட்டிசன்கள அங்கயே ரிஜிஸ்டர் பண்றது லீக் நாடு முழுக்க பல வருஷமா செஞ்ச வேலை. 2025 ஆகஸ்ட் கடைசில சிட்டிசன்ஷிப் குடுக்கற அரசு அமைப்பான யுஎஸ்சிஐஎஸ் பாலிசிய மாத்திட்டாங்க, அவங்க நடத்தற செரிமனில மாநில, உள்ளூர் எலக்‌ஷன் அதிகாரிங்க மட்டும் தான் ரிஜிஸ்ட்ரேஷன் பண்ணலாம், வெளி அமைப்புகளுக்கு அனுமதி இல்லன்னு. கோர்ட்டுல ஜட்ஜ் முன்னாடி நடக்கற செரிமனி வேற கணக்கு. இதோட விளைவு என்னன்னா முன்னாடி ஒரே ஹால்ல நூத்துக்கணக்கான பேர் கெடச்சாங்க, இப்ப அதே ஆளுங்கள லைப்ரரி, காலேஜ், கோவில், சங்க விழா, மளிகைக்கடை வாசல்னு தேடி போக வேண்டியிருக்கு. நம்ம ஆளுங்க எங்க கூடுவாங்கன்னு நமக்கு தான் தெரியும், அதனால உங்கள மாதிரி ஒருத்தர் வர்றது இப்ப ரொம்பவே தேவை.

இப்ப லீக் பத்தி. 1920 பிப்ரவரி 14, சிகாகோல கேரி சாப்மன் கேட் ஆரம்பிச்சாங்க. பெண்களுக்கு ஓட்டு குடுத்த 19வது திருத்தம் நிறைவேறினதே அந்த வருஷம் ஆகஸ்ட்ல தான். அதாவது ஓட்டு வரப்போகுது, வந்தா கோடிக்கணக்கான பெண்கள் முதல் தடவையா பூத்துக்கு போவாங்க, அவங்களுக்கு விவரம் சொல்ல ஆள் வேணும்னு ஆறு மாசம் முன்னாடியே ஆரம்பிச்ச அமைப்பு. பேர் அப்படியே நின்னுடுச்சு. ஆம்பளைங்கள 1973லேர்ந்து மெம்பரா சேக்கறாங்க, உங்க வீட்டுக்காரர் தாராளமா வரலாம். 16 வயசு ஆனா மெம்பர் ஆகலாம், மெம்பர் ஆகாமலே வாலண்டியர் பண்றவங்களும் நிறைய பேர் இருக்காங்க. முதல்ல ரெண்டு மூணு நிகழ்ச்சிக்கு போய் பாருங்க, புடிச்சா சேருங்க.

வேலைன்னு பாத்தா ஓட்டர் ரிஜிஸ்ட்ரேஷன் டேபிள், வேட்பாளருங்க கேள்விக்கு பதில் சொல்ற ஃபோரம், அவங்க எழுதி அனுப்பின பதில தொகுத்து போடற வோட்டர்ஸ் கைடு, அப்பறம் சிட்டி கவுன்சில் மீட்டிங்க கவனிக்கற அப்சர்வர் வேலை. உங்களுக்கு சனிக்கிழமை நேரம் இருக்குன்னா டேபிள்ல ஆரம்பிக்கறது தான் சரி.

டெக்சாஸ்ல ஒரு விஷயம், லைசென்ஸ ஆன்லைன்ல ரென்யூ பண்றப்ப தவிர இங்க ஓட்டுக்கு புதுசா பதிய ஆன்லைன் வழி கிடையாது, பேப்பர் ஃபாரம் தான். அந்த ஃபாரத்த பூர்த்தி பண்ண வச்சு கையில வாங்கணும்னா நீங்க வாலண்டியர் டெப்யூட்டி ரிஜிஸ்ட்ரார், சுருக்கமா விடிஆர், ஆகணும். கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) குடுக்கற ஒரு சின்ன ட்ரெய்னிங், அவ்வளவு தான், ஃபீஸ் இல்ல. 18 வயசு, அமெரிக்க சிட்டிசன், டெக்சாஸ்ல குடியிருக்கணும். இரட்டைப்படை வருஷம் டிசம்பர் 31ஓட அந்த நியமனம் முடிஞ்சுடும், திரும்ப எடுக்கணும். வாங்கின ஃபாரத்த அஞ்சு நாளைக்குள்ள கவுண்டி ஆபீஸ்ல சேத்தாகணும், பேக்ல போட்டு மறந்தா அது சட்டப்படி குத்தம், அத அவங்க ட்ரெய்னிங்லயே அழுத்தி சொல்லுவாங்க.

ஃப்ரிஸ்கோன்னு போட்டிருக்கீங்க. உங்க ஊர் பாதி காலின் கவுண்டி பாதி டென்டன் கவுண்டி. விடிஆர் எந்த கவுண்டில எடுக்கறீங்களோ அந்த கவுண்டிக்காரங்க ஃபாரம் தான் வாங்க முடியும், அதனால ரெண்டுலயும் எடுத்து வச்சுக்கோங்க. ஒரே கடை வாசல்ல நின்னா ரெண்டு கவுண்டி ஆளும் வருவாங்க.

---

மொட்டைமாடி | ஆலன்

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. லீக் கட்சி சார்பில்லாததுன்னு சொல்லிக்கறாங்க, ஆனா நேஷனல் லெவல்ல கருக்கலைப்பு உரிமை, துப்பாக்கி கட்டுப்பாடு இதுக்கெல்லாம் தெளிவா நிலைப்பாடு எடுத்திருக்காங்க, அந்த நிலைப்பாடு எந்தப் பக்கம்னு எல்லாருக்கும் தெரியும். அப்ப ஒரு கட்சியோட பேர சொல்லாம இருந்துட்டா மட்டும் நடுநிலைன்னு ஆயிடுமா? புதுசா சிட்டிசன் ஆனவங்க இத தெரிஞ்சுகிட்டு போகணும்னு தான் எழுதறேன்.

---

டல்லாஸ்வாசி | பிளேனோ

@மொட்டைமாடி நீங்க சொன்னது உண்மை, அத நான் முன்னாடியே எழுதியிருக்கணும்னு நினைக்கறவங்க இருக்கலாம், இப்ப விளக்கமா சொல்லிடறேன். லீக்ல ரெண்டு பாகம் இருக்கு. ஒண்ணு வாக்காளர் சேவை, இன்னொண்ணு கொள்கை வேலை. கொள்கை வேலைல ஒரு விஷயத்த எடுத்து மெம்பர்கள் மாசக்கணக்கா படிச்சு, பேசி, பொதுவா ஒரு முடிவுக்கு வந்தா தான் அது நிலைப்பாடு ஆகும், அதுக்கப்பறம் அத வச்சு சட்டசபைல பேசுவாங்க. அந்த நிலைப்பாடுகள்ல பல இடது பக்கம் இருக்குங்கற விமர்சனம் ரொம்ப நாளாவே இருக்கு, அத யாரும் மறைக்கறதில்ல, வெப்சைட்லயே முழுசா போட்டிருக்காங்க, சேர்றதுக்கு முன்னாடி படிச்சுக்கலாம்.

ஆனா எந்த வேட்பாளரையும் எந்தக் கட்சியையும் ஆதரிக்கறதோ எதிர்க்கறதோ கிடையாது, அதுல ரொம்ப கண்டிப்பு. நிர்வாகக் குழுல இருக்கறவங்க கட்சி பதவிக்கு நிக்க முடியாது. டேபிள்ல நிக்கறப்ப கட்சி பேட்ஜ், டி ஷர்ட், கார்ல இருக்கற ஸ்டிக்கர் உட்பட கவனிப்பாங்க. யாராவது வந்து "யாருக்கு போடலாம்"னு கேட்டா வோட்டர்ஸ் கைடு தான் குடுக்கணும், நம்ம வாய்லேர்ந்து ஒரு பேர் வரக்கூடாது. அந்த கைடுல வேட்பாளர் எழுதி அனுப்பின பதில் ஒரு எழுத்து மாத்தாம அப்படியே வரும், எழுத்துப்பிழை இருந்தாலும் அப்படியே. வார்த்தை எண்ணிக்கை தாண்டினா அந்த இடத்துல வெட்டிடுவாங்க, எல்லாருக்கும் ஒரே அளவு.

இவங்க 1976, 80, 84 மூணு தடவை ஜனாதிபதி வேட்பாளர் டிபேட் நடத்தினவங்க. 1988ல ரெண்டு பக்க பிரசாரக் குழுவும் சேந்து தங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம் போட்டு, யார் கேள்வி கேக்கறது, ஆடியன்ஸ்ல யார் உக்கார்றதுன்னு எல்லாத்தையும் அவங்களே முடிவு பண்ணி கையில குடுத்தப்ப, இது மக்கள ஏமாத்தற வேலை, எங்க பேர்ல நடக்க வேணாம்னு சொல்லி லீக் விலகிடுச்சு. ரெண்டு கட்சியையும் ஒரே நேரத்துல பகைச்சுகிட்டாங்க. எனக்கு அந்த ஒரு முடிவு மேல இன்னிக்கும் பெரிய மரியாதை உண்டு.

கொள்கை பக்கம் ஒத்து வரலன்னா ரிஜிஸ்ட்ரேஷன், ஃபோரம் மட்டும் பண்ணலாம், யாரும் கையெழுத்து போடுன்னு கேக்க மாட்டாங்க. அதுவும் வேணாம்னா நேரா கவுண்டி எலக்‌ஷன் ஆபீஸ்ல பூத்துல வேலை பாக்கற போல் வொர்க்கரா சேருங்க.

---

மொட்டைமாடி | ஆலன்

நேரா பதில் சொன்னதுக்கு நன்றி. எனக்கு அந்த நிலைப்பாடுகள் ஒத்து வராது, அதனால மெம்பர் ஆக மாட்டேன், ஆனா கைடு நானே ஒவ்வொரு தடவையும் பாக்கறேன்ங்கறத ஒத்துக்கறேன். 2020லேர்ந்து டெக்சாஸ்ல ஒரே பட்டன அமுக்கி ஒரு கட்சிக்கு மொத்தமா போடற முறைய எடுத்துட்டாங்க, ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியா போடணும், ஜட்ஜ் பேரே பக்கம் பக்கமா வருது, யார் எவர்னே தெரியாது. பூத்துல ஃபோன் எடுக்கக்கூடாது, 100 அடிக்குள்ள தடை, ஆனா பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போகலாம். நான் கைட பிரிண்ட் போட்டு வீட்டுலயே குறிச்சு வச்சு எடுத்துட்டு போவேன், வரும்போது கையோட எடுத்துட்டு வந்துடணும்.

போல் வொர்க்கர் வேலை பத்தி நான் சொல்றேன், அது நான் செய்யறது. காலைல 7 மணிக்கு பூத் திறக்கும், சாயங்காலம் 7க்கு மூடும், நம்ம அதுக்கு முன்னாடியே போய் மெஷின் செட்டப் பண்ணணும், மூடினதுக்கு அப்பறம் எண்ணிக்கைய சரி பாத்து கையெழுத்து போட்டு தான் வெளிய வரணும், சம்பளம் உண்டு. பூத்துக்கு ஒரு தலைமை ஜட்ஜ், ஒரு மாற்று ஜட்ஜ் (கோர்ட் ஜட்ஜ் இல்ல, பூத்த நடத்தறவங்க), ரெண்டு பேரும் வேற வேற கட்சிலேர்ந்து வருவாங்க, அது சட்டத்துலயே இருக்கு. நாள் பூரா ஒரே டேபிள்ல உக்காந்து ஒரே டப்பா பீட்சாவ பகிர்ந்துகிட்டு ராத்திரி சீல் வைக்கறப்ப ரெண்டு பேரும் ஒரே பேப்பர்ல கையெழுத்து போடறாங்க. டிவி பாத்துட்டு இந்த நாட்டு எலக்‌ஷன் மேல நம்பிக்கை போயிடுச்சுன்னு சொல்றவங்க எல்லாரும் ஒரு தடவை இந்த வேலைய செஞ்சு பாக்கணும்னு நான் நிஜமாவே ஆசைப்படறேன்.

---

கொல்லிமலை | இர்விங்

நான் எச்1பி வேலை விசால இருக்கேன், கிரீன் கார்டு எப்ப வரும்னு கடவுளுக்கு தான் தெரியும். என்ன மாதிரி ஆளுங்க இதுல ஏதாவது பண்ண முடியுமா இல்ல ஒதுங்கியே நிக்கணுமா? ஸ்டேட்டஸுக்கு பிரச்சனை வந்துடுமோன்னு பயமா இருக்கு.

---

டல்லாஸ்வாசி | பிளேனோ

@கொல்லிமலை நல்ல கேள்வி, பயப்படறதுல நியாயம் இருக்கு, அதனால முதல்ல செய்யவே கூடாதத சொல்லிடறேன். ஓட்டர் ரிஜிஸ்ட்ரேஷன் ஃபாரத்துல தெரியாம கூட கையெழுத்து போட்டுடாதீங்க. நான் சிட்டிசன்னு பொய்யா சொன்னதா ஆயிட்டா 1996 சட்டப்படி நாடு கடத்தற அளவுக்கு போகும், பின்னாடி கிரீன் கார்டுக்கும் தடை. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கற இடத்துல ஓட்டுக்கு ரிஜிஸ்டர் பண்ணணுமான்னு ஒரு கேள்வி வரும், அதுல நிதானமா படிச்சு இல்லன்னு போடணும். கிரீன் கார்டு இருக்கறவங்களுக்கும் இதே தான். அப்பறம் கிரீன் கார்டு வர்ற வரைக்கும் எந்த வேட்பாளருக்கும் பணம் குடுக்கக்கூடாது, உள்ளூர் எலக்‌ஷனா இருந்தாலும் சரி. விடிஆரும் உங்களால ஆக முடியாது.

செய்யக்கூடியது நிறைய இருக்கு. வேட்பாளர் ஃபோரம்ல டைம் கீப்பரா இருக்கலாம், நாற்காலி போடறது, கேள்வி அட்டை சேக்கறது, மைக் பாக்கறது எல்லாத்துக்கும் ஆள் வேணும். கவுன்சில் மீட்டிங்ல போய் உக்கார்றதுக்கும் அங்க எழுந்து பேசறதுக்கும் யாரும் பாஸ்போர்ட் கேக்கறதில்ல, அந்த ஊர்ல குடியிருக்கறவங்க எல்லாருக்கும் உள்ள விஷயம் தான் அங்க பேசறாங்க.

ஃபோரம் எப்படி நடக்கும்னு சொல்றேன், பாத்தா அசந்து போவீங்க. வர்றவங்க கேள்விய சின்ன அட்டைல எழுதி குடுப்பாங்க. பின்னாடி ஒரு டேபிள்ல ரெண்டு மூணு வாலண்டியர் உக்காந்து அத பிரிக்கணும், ஒரே கேள்விய நாலு பேர் கேட்டிருந்தா ஒண்ணா சேக்கணும், ஒருத்தர மட்டும் குத்தி கேக்கற கேள்வி, தனிப்பட்ட தாக்குதல் இதெல்லாம் எடுத்துடணும், எல்லா வேட்பாளரும் பதில் சொல்ற மாதிரி இருக்கறத தான் முன்னாடி அனுப்பணும். முதல் வரிசைல டைம் கீப்பர் மஞ்சள் அட்டை காட்டினா அரை நிமிஷம் பாக்கி, சிவப்பு காட்டினா நிறுத்தியாகணும், மேயரா இருந்தாலும் நிறுத்தியாகணும். மாடரேட்டர பெரும்பாலும் வேற ஊர் லீக்லேர்ந்து கூட்டிட்டு வருவாங்க, இந்த ஊர்ல ஓட்டு இல்லாத ஆளா இருக்கட்டும்னு. எச்1பில இருக்கற ஒருத்தர் அந்த சிவப்பு அட்டைய தூக்கி காட்டறதுக்கு எந்த சட்டமும் தடை சொல்லல.

---

சங்குப்பூ | சுகர்லேண்ட்

நான் ஹூஸ்டன் பக்கம். எல்லாரும் நம்ம வயசு ஆளுங்கள பத்தியே பேசறீங்க, நான் பெரியவங்கள பத்தி சொல்றேன், ஏன்னா எனக்கு இதுல மனசு ரொம்ப அடிச்சுக்குது.

நம்ம அப்பா அம்மா மாமியார் மாமனார்னு புள்ளைங்க ஸ்பான்சர் பண்ணி வந்தவங்க நிறைய பேர் இங்க இருக்காங்க. 55 வயசு தாண்டி கிரீன் கார்டுல 15 வருஷம் இருந்தாலோ, 50 தாண்டி 20 வருஷம் இருந்தாலோ, சிட்டிசன்ஷிப்புக்கு இங்கிலீஷ் டெஸ்ட் கிடையாது, வரலாறு கேள்விய தமிழ்லயே பதில் சொல்லி பாஸ் பண்ணலாம். அப்படி சிட்டிசன் ஆனவங்க கிட்ட ஓட்டு போட்டீங்களான்னு கேட்டா, எனக்கு அந்த மெஷின்ல இங்கிலீஷ் படிக்க தெரியாதும்மா, வேணாம்னு சொல்றாங்க. இந்தக் கவுண்டிகள்ல தமிழ்ல பேலட், அதாவது ஓட்டுச்சீட்டு, வராது, அது உண்மை. ஆனா வோட்டிங் ரைட்ஸ் சட்டத்துல 208ன்னு ஒரு பிரிவு இருக்கு, 1982ல சேத்தது. படிக்க முடியாதவங்க, கண்ணு சரியா தெரியாதவங்க, தனக்கு நம்பிக்கையான ஒருத்தர பூத்துக்குள்ள கூட்டிட்டு போகலாம், மகனோ மகளோ பக்கத்து வீட்டுக்காரரோ யாரா இருந்தாலும் சரி, வேலை குடுக்கற முதலாளியும் யூனியன் ஆளும் மட்டும் கூடாது. கூட போறவங்க ஒரு உறுதிமொழி எடுக்கணும், அவங்க சொல்றத தான் அமுக்கணும், நம்ம இஷ்டத்துக்கு எதுவும் சொல்லக்கூடாது. இது பத்தி யாருக்குமே தெரியல. எங்க தெரு மாமி ஒருத்தர் இத கேட்டுட்டு "அப்ப எம்பொண்ணு கூட வரலாமா"ன்னு மூணு தடவை கேட்டாங்க.

ஐடி பத்தியும் பயப்படறாங்க, லைசென்ஸ் இல்லயேன்னு. போட்டோ ஒட்டின சிட்டிசன்ஷிப் சர்டிபிகேட்டே டெக்சாஸ்ல செல்லும், அதுக்கு காலாவதியே கிடையாது. 70 வயசு தாண்டினவங்களுக்கு பாஸ்போர்ட் லைசென்ஸ் எத்தன வருஷம் முன்னாடி முடிஞ்சிருந்தாலும் பரவால்ல. நிக்க முடியாதவங்களுக்கு கார்லயே வந்து பேலட் குடுப்பாங்க. 65 தாண்டினா தபால்ல போடலாம், ஆனா வருஷா வருஷம் அப்ளை பண்ணணும், கவர்ல லைசென்ஸ் நம்பரோ சோஷியல் செக்யூரிட்டி நம்பரோட கடைசி நாலு எண்ணோ எழுதணும், கவுண்டி ரெக்கார்டுல எது இருக்கோ அது பொருந்தணும். இந்த ரூல் வந்த உடனே நடந்த 2022 மார்ச் பிரைமரில (கட்சி வேட்பாளர தேர்ந்தெடுக்கற ஓட்டு) டெக்சாஸ் முழுக்க தபால் ஓட்டுல சுமார் 12 சதவீதம் தள்ளுபடி ஆச்சு. நான் ரெண்டு நம்பரையும் எழுதிடுங்கன்னு தான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

தமிழ் தெரிஞ்ச வாலண்டியர் ஒருத்தர் கோவில் சாப்பாட்டு ஹால் பக்கத்துல உக்காந்தாலே போதும், பெரியவங்க தானா வந்து கேப்பாங்க.

---

வேப்பம்பூ | ஃப்ரிஸ்கோ

சங்குப்பூ அக்கா, என் மாமியாருக்கு இது அப்படியே பொருந்துது, நன்றி. டல்லாஸ்வாசி சார், டேபிள்ல நம்ம ஆளுங்களுக்குன்னு ஏதாவது தனியா கவனிக்கணுமா?

---

டல்லாஸ்வாசி | பிளேனோ

இருக்கு. இது மத்த வாலண்டியருங்களுக்கு புரியாது, உங்களுக்கு பாத்த உடனே புரியும். நம்ம பேர் தான் முதல் சிக்கல். ஒரே பேர் வச்சு முன்னாடி இனிஷியல் போட்டு வளந்தவங்க, பாஸ்போர்ட்ல அப்பா பேர் லாஸ்ட் நேம் ஆகி, லைசென்ஸ்ல அது தலைகீழா மாறி, சர்டிபிகேட்ல இன்னொரு விதமா இருக்கும். ஃபாரத்துல எந்தப் பேர எங்க எழுதறதுன்னு முழிப்பாங்க. லைசென்ஸ்ல எப்படி இருக்கோ அப்படியே எழுத சொல்லுங்க, முன்னாடி இருந்த பேருக்குன்னு ஒரு கட்டம் இருக்கு, அதையும் காட்டுங்க. அடுத்தது பிறந்த தேதி, நம்ம தேதிய முன்னாடி எழுதி பழக்கம், இங்க மாசம் முன்னாடி. ஏழாம் தேதி ஏப்ரல் மாசம் பிறந்தவர் கை பழக்கத்துல எழுதினா ஜூலை நாலுன்னு ஆயிடும், யாரும் கண்டுபுடிக்க முடியாது. அபார்ட்மென்ட் நம்பர் விட்டுப்போகும். கடைசில கையெழுத்து. ஃபாரம் கைக்கு வந்ததும் இந்த நாலையும் பாத்துட்டு ரசீத கிழிச்சு குடுத்துடுங்க. இவருக்கு தகுதி இருக்கா இல்லயான்னு தீர்ப்பு சொல்றது நம்ம வேலை கிடையாது, எதுவும் ஆவணம் கேக்கக்கூடாது, ஆனா சிட்டிசன் மட்டும் தான் போடணும்னு தெளிவா ஒரு தடவை தமிழ்லயே சொல்லிடுங்க, கொல்லிமலைக்கு சொன்னத போல.

அப்பறம் புது சிட்டிசன்கள் எல்லாருக்கும் ஒரு விஷயம். ஓத் முடிஞ்சதும் சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ்லயும் லைசென்ஸ் குடுக்கற டிபிஎஸ்லயும் சிட்டிசன்னு மாத்திடுங்க. 2019 ஜனவரில மாநில தேர்தல பாத்துக்கற டெக்சாஸ் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீஸ் சுமார் 95,000 ஓட்டர்கள் சிட்டிசன் இல்லாதவங்களா இருக்கலாம்னு ஒரு லிஸ்ட் போட்டாங்க. பாத்தா அதுல ஆயிரக்கணக்கானவங்க லைசென்ஸ் எடுத்தப்ப கிரீன் கார்டுல இருந்து அப்பறம் முறையா சிட்டிசன் ஆனவங்க, அதாவது நம்மள மாதிரி ஆளுங்க. கேஸ் போட்டவங்கள்ல டெக்சாஸ் லீக்கும் ஒருத்தர், ஏப்ரல்ல சமரசம் ஆகி அந்த லிஸ்ட கைவிட்டாங்க. கவுண்டிலேர்ந்து சிட்டிசன்ஷிப் ஆதாரம் கேட்டு லெட்டர் வந்தா ஜங்க் மெயில்னு தூக்கி போடாதீங்க, 30 நாளைக்குள்ள சர்டிபிகேட் காப்பியோ பாஸ்போர்ட் காப்பியோ அனுப்பணும்.

---

பாலாறு | டல்லாஸ் வடக்கு

அப்சர்வர் வேலை பத்தி யாரும் சரியா சொல்லல, அது எனக்கு ரொம்ப புடிச்ச வேலை.

நான் போறது எங்க சிட்டி கவுன்சில் மீட்டிங், சில சமயம் ஸ்கூல் போர்டு. டெக்சாஸ்ல ப்ராபர்ட்டி டாக்ஸ் பில்ல எடுத்து பாருங்க, பெரிய பங்கு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு தான் போகும், ஆனா அந்த பணத்த எப்படி செலவு பண்ணலாம்னு முடிவு பண்ற ரூம்ல பல நாள் பார்வையாளர் நாற்காலி காலியா கிடக்கும். அப்சர்வர் போய் உக்காந்து கவனிக்கணும், பேசக்கூடாது, லீக் பேர்ல கருத்து சொல்லக்கூடாது. எத்தன மணிக்கு ஆரம்பிச்சாங்க, யார் வரல, பேச வந்த பொதுமக்கள முகம் பாத்து கேட்டாங்களா, ஃபோன நோண்டிட்டு இருந்தாங்களா, டாக்குமென்ட் முன்கூட்டியே வெப்சைட்ல இருந்துச்சா, மூடின கதவுக்குள்ள எதுக்கு போனாங்க, இதெல்லாம் எழுதி லீக்குக்கு அனுப்பணும்.

புதுசா போறவங்க எல்லாரும் பெரிய சண்டை வர்ற ஐட்டத்த தான் பாப்பாங்க. நான் சொல்றேன், கன்சென்ட் அஜெண்டாவ பாருங்க. வழக்கமான ஐட்டம்னு இருபது முப்பது விஷயத்த மொத்தமா கட்டி ஒரே ஓட்டுல பாஸ் பண்ணிடுவாங்க, ஒரு நிமிஷம் கூட ஆகாது, காண்ட்ராக்ட் எல்லாம் அதுக்குள்ள தான் இருக்கும். எங்க ஊர்ல லைப்ரரி ஞாயித்துக்கிழம நேரத்த குறைக்கற விஷயம் அப்படி ஒரு பேக்கெட் நடுவுல ஒரே வரியா இருந்துச்சு. அஜெண்டா மூணு வேலை நாள் முன்னாடியே போட்டாகணுங்கறது சட்டம், அதனால கண்ணுல பட்டுச்சு. லைப்ரரிக்கு புள்ளைங்கள கூட்டிட்டு போற அம்மாக்கள் நாலஞ்சு பேர் அன்னிக்கு வந்தாங்க, கவுன்சில் மெம்பர் ஒருத்தர் அந்த வரிய தனியா எடுத்து பேசணும்னு கேட்டார், அதுக்கப்பறம் அது தனி ஐட்டமா விவாதத்துக்கு வந்துச்சு. நான் அங்க அப்சர்வர், வாய தொறக்கல, பேசினது எல்லாம் அவங்க தான்.

வேப்பம்பூ, இங்கிலீஷ் தயக்கம்னு எழுதினீங்களே. அஜெண்டால இருக்கற எந்த விஷயத்தப் பத்தியும் பொதுமக்கள் பேச விடணும், 2019 சட்டம் அது. ஊருக்கு ஊர் மூணு நிமிஷம்னு வச்சிருப்பாங்க. மொழிபெயர்ப்பாளர் வச்சு பேசறவங்களுக்கு அதே சட்டத்துல ரெண்டு மடங்கு நேரம். உங்க மாமியார் தமிழ்ல பேசி நீங்க இங்கிலீஷ்ல சொன்னா ஆறு நிமிஷம் குடுத்தாகணும். இத யாராவது ஒரு தமிழம்மா பயன்படுத்தி நான் பாக்கணும்.

---

அரளிச்செடி | ரிச்மண்ட், வர்ஜீனியா

எட்டிப் பாக்கறேன். ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுதுன்னு கேக்கறவங்களுக்கு எங்க மாநிலத்த காட்டுங்க. 2017ல வர்ஜீனியா சட்டசபை 94வது தொகுதில ரெண்டு பேருக்கும் 11,608 ஓட்டுன்னு சமமா வந்து, 2018 ஜனவரில ஒரு கிண்ணத்துல பேர எழுதி போட்டு குலுக்கி எடுத்தாங்க. அந்த சீட்டால தான் சபைல ரிபப்ளிகன் கட்சிக்கு 51-49னு மெஜாரிட்டி நின்னுச்சு, இல்லன்னா 50-50ன்னு ஆகியிருக்கும். உள்ளூர் எலக்‌ஷன்ல இந்த மாதிரி நூலிழைல நிக்கறது இன்னும் சகஜம்.

---

மொட்டைமாடி | ஆலன்

அரளிச்செடி சொன்னதோட ஒண்ணு சேக்கறேன், இங்க கவுன்சிலும் ஸ்கூல் போர்டும் பெரும்பாலும் மே மாசம் முதல் சனிக்கிழமை எலக்‌ஷன். பல ஊர்ல பத்து சதவீதம் பேர் கூட வர்றதில்ல. நவம்பர்ல வரிசைல நின்ன அதே ஆளுங்க மே மாசம் அப்படி ஒரு தேதி இருக்குன்னே தெரியாம இருக்காங்க. வேற எதுலயும் சேராட்டியும் பரவால்ல, அந்த தேதிய உங்க அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்ல போடுங்க.

---

நொச்சி | கேட்டி

பையனுக்கு 16 ஆகுது, இங்க பிறந்தவன். காலேஜுக்கு வாலண்டியர் ஹவர்ஸ் வேணுங்கறான், இதுல அவனுக்கு ஏதாவது உண்டா?

---

டல்லாஸ்வாசி | பிளேனோ

@நொச்சி உண்டு. டெக்சாஸ்ல 16 வயசு சிட்டிசன் புள்ளைங்க, ஹைஸ்கூல்ல படிச்சா, வீட்டு அனுமதியோட ஸ்டூடன்ட் எலக்‌ஷன் கிளார்க்கா பூத்துல வேலை பாக்கலாம், மெஷின் வேலைல பசங்க தான் வேகம், கவுண்டில அவங்கள விரும்பி எடுப்பாங்க. 17 வயசு 10 மாசம் ஆனா ஓட்டுக்கு ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம், 18 ஆன அன்னிலேர்ந்து செல்லும். இன்னொரு விஷயம் பல பேருக்கு தெரியாது, ஒவ்வொரு ஹைஸ்கூல் பிரின்சிபாலும் சட்டப்படி டெப்யூட்டி ரிஜிஸ்ட்ரார், வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது தகுதி உள்ள மாணவர்களுக்கு ஃபாரம் குடுத்தாகணும். எல்லா ஸ்கூல்லயும் அது நடக்கறதில்ல. உங்க பையன் ஸ்கூல் ஆபீஸ்ல போய் மரியாதையா "எங்களுக்கு எப்ப குடுப்பீங்க"ன்னு கேக்கறதே ஒரு நல்ல வேலை தான்.

---

வேப்பம்பூ | ஃப்ரிஸ்கோ

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. நாங்க முடிவு பண்ணியாச்சு. காலின், டென்டன் ரெண்டு கவுண்டி விடிஆர் ட்ரெய்னிங்கும் நானும் அவரும் எடுக்கறோம். லீக்ல இப்போதைக்கு மெம்பர் ஆகாம வாலண்டியரா ஆரம்பிக்கறோம், நிலைப்பாடு லிஸ்ட் முழுசா படிச்சுட்டு அப்பறம் பாக்கலாம்னு அவர் சொல்றார், எனக்கும் அது சரின்னு படுது. மாமியார் கிட்ட ஆறு நிமிஷம் விஷயத்த சொன்னேன், எங்க தெருவுல நடைபாதை இல்லாம ரோட்டுலயே நடக்கறத பத்தி பேசணும்னு உடனே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

சங்க விழால டேபிள் போட நிர்வாகிகள் கிட்ட கேக்கப் போறேன். ஃப்ரிஸ்கோ, லிட்டில் எல்ம், பிராஸ்பர் பக்கம் யாராவது கூட வர்றீங்களா? கொல்லிமலை, உங்களுக்கும் வேலை இருக்கு, ஃபாரம் பக்கம் வர வேணாம், பெரியவங்கள உக்கார வச்சு 208 பத்தி சொல்ற நாற்காலி உங்களுக்கு.

---

கொல்லிமலை | இர்விங்

வர்றேன்ங்க. தேதி மட்டும் சொல்லுங்க. 208 பத்தி தமிழ்ல ஒரு பக்கம் எழுதி பிரிண்ட் எடுத்துட்டு வரலாமா, இல்ல லீக்ல அப்ரூவ் பண்ணணுமா?

---

டல்லாஸ்வாசி | பிளேனோ

எழுதுங்க, ஆனா லீக் டேபிள்ல வைக்கறதா இருந்தா வோட்டர் சர்வீஸ் பாக்கறவங்க ஒரு தடவை பாக்கணும், எந்த வார்த்தையும் ஒரு பக்கம் சாயக்கூடாதுன்னு. தமிழ் படிக்க தெரிஞ்ச ரெண்டு பேர் தனித்தனியா சரி பாத்தோம்னு எழுதிக் குடுத்தா போதும்னு நினைக்கறேன், அதுல ஒருத்தரா நான் இருக்கேன், இன்னொருத்தரா மொட்டைமாடி இருந்தா நல்லாருக்கும்.

---

மொட்டைமாடி | ஆலன்

அனுப்புங்க, பாக்கறேன்.